கரிசல் காட்டில் கணக்கு எழுதியவர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கிராமங்களில் கணக்குப்பிள்ளை என்றும் கர்ணம் என்றும் அழைக்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் அதே ஊரில் சொந்தக் காடு இருந்தது. அதை அவர் உழுதார், அதற்குக் கிஸ்தி என்னும் நிலவரித் தவணையைக் கட்டினார், ஐப்பசி மழை தவறினால் மற்றச் சம்சாரிகளோடு சேர்ந்து அவரும் விதையைப் பறிகொடுத்தார். அவர் எழுதிய கணக்கின் தரத்துக்கும் அவர் செய்த வேளாண்மைக்கும் உள்ள இந்த உறவைக் கருதாமல், வருவாய்த்துறையின் கடைநிலை ஊழியராக மட்டுமே அவரைப் பார்க்கும் வழக்கம் அவருடைய தொழிலைப் பாதிக்குமேல் மறைத்துவிடுகிறது.

தொழிலின் சட்டப் பின்னணி நீண்டது. கர்ணத்தின் கடமைகளை வரையறுத்த சென்னை மாகாண ஒழுங்குமுறை 1802-இல் வந்தது. அடுத்த ஆண்டு இராமநாதபுரம் சீமை நிரந்தர ஜமீனாயிற்று. ஜமீன் ஊர்களில் குடிகள் எவ்வளவு விளைவித்தார்கள், எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதற்குக் கணக்குப்பிள்ளையின் ஏடே சான்றாக நின்றதால், அவர் ஜமீனுக்கும் குடிக்கும் நடுவில் இருபுறமும் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் நிலங்கள் அளக்கப்பட்டு, உழவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறை இவ்வூர்களுக்கும் வந்தது. வசூல் கிராம முன்சீப்பின் பொறுப்பாகவும், எழுத்து கர்ணத்தின் பொறுப்பாகவும் இருந்தன.

அந்த எழுத்தின் உயிர்நாடி அடங்கல். கிராமக் கணக்குகளில் 2-ஆம் எண்ணுடைய அடங்கல், ஒவ்வொரு புல எண்ணிலும் அந்தப் பசலியில் என்ன பயிர், எவ்வளவு பரப்பில் நின்றது என்பதைக் காட்டும். 10-ஆம் எண்ணுடைய சிட்டா, ஒரு பட்டாதாரருக்கு ஊரில் எங்கெங்கு நிலம் இருக்கிறது என்பதைத் தொகுத்துக் காட்டும். பசலி என்பது ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும் வருவாய் ஆண்டு. சிட்டாவை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அடங்கலைக் காட்டில் கால் வைக்காமல் எழுத முடியாது, எழுதவும் கூடாது.

நஞ்சை ஊரில் அடங்கல் எழுதுவது ஒப்பீட்டில் எளிது, ஏனெனில் ஒரு வயலில் நெல் என்றால் முழுக்க நெல்தான். கரிசல் மானாவாரியில் அப்படியில்லை. மழை எந்தப் பயிரைக் காப்பாற்றும் என்று தெரியாத பூமியில் சம்சாரி ஒரே புலத்தில் பலவற்றை விதைத்து வைப்பார்: பருத்திக்கு ஊடே உளுந்து, கம்புக்கு ஊடே துவரை, வரப்போரம் ஆமணக்கு, மூலையில் கொஞ்சம் மல்லி. இதை எந்தப் பயிரின் பரப்பாக எழுதுவது? ஏர்ச்சாலை எண்ணுவதே தேர்ந்த கணக்குப்பிள்ளையின் வழி. 1 ஏக்கர் 80 சென்ட் புலத்தில் ஐந்து சால் கம்புக்கு ஒரு சால் துவரை என்று விதைத்திருந்தால், ஆறில் ஒரு பங்காகிய 30 சென்டைத் துவரைக்கும் மீதி 1 ஏக்கர் 50 சென்டைக் கம்புக்கும் பிரித்து எழுதுவார். கையால் தூவி விதைத்த காட்டில் சாலே இராது. அங்கே இரண்டு மூன்று இடங்களில் நின்று செடிகளை எண்ணி, விதைத்தவரிடம் எத்தனை படி விதை கலந்தார் என்று கேட்டு, இரண்டையும் ஒத்துப் பார்த்துத்தான் பரப்பை முடிவு செய்ய வேண்டும். தானே விதை கலந்து பழகாத கை இந்தப் பிரிவினையைச் சரியாகச் செய்யாது என்பதைத் தொழில் அறிந்தவர் எவரும் ஒப்புவர்.

விளைச்சலைப் பழைய மரபில் அணாவில் சொன்னார்கள். பதினாறு அணா என்றால் முழு விளைச்சல், எட்டு அணா என்றால் பாதி. காய் பிடிக்கும் நேரத்தில் பத்து நாள் மழை பின்வாங்கியதால் போன உளுந்துக்கு எத்தனை அணா போடுவது என்பதில், தன் காட்டு உளுந்தைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு வந்தவரின் மதிப்பீடு தனி உறுதி கொண்டது. அதே காரணத்தால் தன் சொந்தப் புல எண்ணுக்கு எதிரே எழுதும்போதுதான் அவருடைய நேர்மை சோதிக்கப்பட்டது.

குடும்பமும் இத்தொழிலுக்குள் இருந்தது. கணக்குப் பெட்டி வீட்டில்தான் இருந்தது. செல் அரிக்காமல் அதைச் செங்கல் மேல் ஏற்றி வைத்து, வேப்பிலையும் வசம்பும் போட்டுக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பட்டா மாறுதல் கேட்டும் பாகப்பிரிவினைச் சிக்கல் சொல்லியும் விடியுமுன் திண்ணைக்கு வந்தவர்களுக்கு மோர் கொடுத்ததும் அவர்களே. ஆண்டுக் கணக்குகளை மேலதிகாரிகள் தணிக்கை செய்யும் ஜமாபந்தி நெருங்கும் வைகாசியில், பிள்ளைகளில் ஒருவர் புல எண்ணை வாசிக்க இன்னொருவர் படியைச் சரிபார்க்க, வீடே அலுவலகமாகிவிடும். அரைக்கால், மாகாணி, மா என்னும் பின்னங்களைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பே இந்த வாசிப்பில் கற்ற பிள்ளைகள் உண்டு. அந்த உழைப்புக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் வரி இருந்ததில்லை.

இத்தொழில் சிலருக்கு முதற்படியாகவும் அமைந்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என அறியப்பட்ட வேங்கடராமன் 1879-இல் திருச்சுழியில் பிறந்தார். அவருடைய தந்தை சுந்தரம் அய்யர் பன்னிரண்டு வயதில் ஒரு கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்து, பின் மனு எழுதுபவராகி, அதன்பின் திருச்சுழியில் வழக்காடுபவராக உயர்ந்தவர். அவர் வீடு வழிப்போக்கருக்கும் வழக்கு விஷயமாக ஊருக்கு வந்தவருக்கும் திறந்திருந்தது என்பதை அவர் மகனின் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். மகரிஷியின் தந்தை என்ற அளவில் அவரை நினைவுகூர்வோர், நில ஆவணத்தின் மொழியைச் சிறுவயதிலேயே கற்றதுதான் அவரைக் குடிகளுக்கு வேண்டியவராக்கியது என்பதையும் நினைக்க வேண்டும்.

பெருமையை மட்டும் சொல்வது நியாயமாகாது. பதவி தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்ததால், அது சில குடும்பங்களுக்குள்ளும் சில சாதிகளுக்குள்ளும் பூட்டப்பட்டிருந்தது. எழுதத் தெரியாத சம்சாரியின் நிலத்தைப் பேனா முனையில் இடம் மாற்றியவர்களும் இருந்தார்கள். பரம்பரை உரிமை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் கூறியது சரியான தீர்ப்பே. பின்னர் 1980 நவம்பர் 14-இல், 1390-ஆம் பசலியின் நடுவில், பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளைத் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. அவர்களுடைய இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். அடங்கல் பாதி எழுதிய நிலையில், பருத்தி காட்டில் நிற்கும்போதே, பெட்டிகள் கை மாறின.

ஏடுகளைப் பட்டியலிட்டு ஒப்படைக்க முடிந்தது. புல எல்லைக் கற்களைப் பற்றிய அறிவை அப்படி ஒப்படைக்க முடியவில்லை. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்; அதில் நட்ட கல் ஆண்டுக்காண்டு சாய்ந்து, இறங்கி, சில இடங்களில் தலை தெரியாமல் புதைந்துபோகும். தரிசாகக் கிடந்த புலங்களைச் சீமைக்கருவேலம் மூடிய பின்னர் வரப்பும் தெரியவில்லை. அதனால் பதவி போய்ப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும், பாகம் பிரிப்பவர்கள் முன்னாள் கணக்குப்பிள்ளையின் வீட்டுக்கு வந்து, ஒரு எட்டு வரணும் என்று கூப்பிடுவதுண்டு. அவரும் கம்பை ஊன்றிக்கொண்டு போவார். கண்மாய்க் கரையிலிருந்து எட்டு எடுத்து வைத்து எண்ணி, முள்ளை விலக்கச் சொல்லி, கடப்பாரையை இங்கே போடு என்று இடம் காட்டுவார்.