படம் இல்லாத பாட்டு

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது ஒரு நல்ல பாட்டு காதில் விழுந்தால், "எழுதினது யார்? பாடினது யார்?" என்று நாம் கேட்பதில்லை, "எந்தப் படம்?" என்றுதான் கேட்கிறோம். படத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் மனம் சமாதானமாகிவிடுகிறது. "படம் எதுவும் இல்லை ஸார், நாலு பேர் சேர்ந்து தாங்களே எழுதி, மெட்டமைத்து, வாசித்துப் பாடியது" என்று சொன்னால், கேட்டவர் முகத்தில் ஒரு சந்தேகம் படர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சம்பந்தம் பேசப் போன இடத்தில் பையனுக்கு உத்தியோகம் இல்லை என்று தெரிந்தால் வருமே, அந்த ரகச் சந்தேகம்.

சினிமாப் பாட்டின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. விசுவநாதன்-ராமமூர்த்தி மெட்டு ஒன்றை முணுமுணுக்காமல் நான் க்ஷவரம் செய்துகொண்ட நாளே இல்லை. ஆனால் ஆலமரத்தின் நிழல் எவ்வளவு குளுமையானாலும், அதன் அடியில் இன்னொரு செடி தலையெடுப்பது சிரமந்தானே?

அப்படித் தலையெடுக்கப் பார்க்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை என் அக்காள் பிள்ளை மேற்கொண்டிருக்கிறான். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறான். சனிக்கிழமை இரவுகளில் நங்கநல்லூரில் உள்ள தன் வீட்டிலிருந்து 'பாட்காஸ்ட்' நடத்துகிறான். தமிழில் இதற்கு 'வலையொலி' என்று அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். வானொலிக்கு நிலையம் வேண்டும், கோபுரம் வேண்டும், சர்க்கார் அனுமதி வேண்டும். வலையொலிக்கு ஒரு மைக்கும், ஒரு கம்ப்யூட்டரும், வீட்டாரின் பொறுமையும் போதும். இந்த மூன்றில் கடைசியானதுதான் கடையில் கிடைக்காது.

அவனுடைய ஒலிப்பதிவுக் கூடம் துணி அலமாரிதான். வெறும் சுவர் குரலைத் திருப்பி அடிக்கும். தொங்குகிற துணி அதை விழுங்கிவிடும். ஆகையால் மனைவியின் புடவைகளுக்கும் தன் சட்டைகளுக்கும் நடுவே மைக்கை வைத்து, தலைக்கு மேல் ஒரு ஜமக்காளத்தையும் போர்த்திக்கொண்டு பேசுகிறான். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அடுத்த வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு, "வணக்கம் நேயர்களே" என்று அவன் சொல்கிறபோது குரலில் எவ்வளவு குளிர்ச்சி என்கிறீர்கள்! பிறகு 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிகிறான். அரை மணி நேர நிகழ்ச்சி சுமார் 30 எம்.பி. அளவுள்ள எம்.பி.3 கோப்பாகச் சுருங்கி இன்டர்நெட்டில் ஏறிவிடுகிறது. அப்புறம் அதை யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம், டொரான்டோவிலும் கேட்கலாம். கேட்பார்களா என்பது வேறு கேள்வி.

வாரத்துக்கு ஒரு குழு. சில இடங்களுக்கு நானும் அவனோடு போயிருக்கிறேன். ஒரு குழு மோட்டார் ஒர்க்‌ஷாப் மாடியில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. டிரம்ஸ் வாசிக்கிறவன் பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். கிடார்க்காரன், வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பாஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடிய பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கீபோர்டுக்காரனுக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. தண்ணீர் லாரி வராத ஒரு நாளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்கள். காலிக் குடங்கள் வரிசையில் நிற்கிற தினுசை டிரம்ஸிலேயே அந்தப் பையன் காட்டினான். கேட்டுவிட்டு நான் வெகுநேரம் பேசவில்லை.

எல்லாக் குழுவும் இப்படி என்று சொல்லமாட்டேன். பருப்பு வேகாத சாம்பார் மாதிரி இருந்த பாட்டுக்களும் உண்டு. அதே சமயம், ஊரறிந்த வெற்றிகளும் இல்லாமல் இல்லை. டைரக்டர் பா. ரஞ்சித்தும் டென்மாவும் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் மேடையேறி, கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒன்றாகக் கலந்து, ஜாதியைப் பற்றி முகத்துக்கு நேரே பாடியது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' எந்தப் படத்திலும் இடம் பெறாமலே உலகத்தைச் சுற்றி வந்தது. ஆனால் ஒர்க்‌ஷாப் மாடிக்காரர்களுக்குப் பின்னால் டைரக்டரும் கிடையாது, கம்பெனியும் கிடையாது.

அதில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு. 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி பாட்டின் சொற்களுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. சினிமாப் பாட்டு ஒன்றை ஒலிபரப்ப வேண்டுமானால் எந்த உரிமை யார் கையில் இருக்கிறது என்று வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டும். இந்தப் பிள்ளைகளோ மூன்றையும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதி வாங்கிக்கொள்ள ஆள் வந்தால் அல்லவா? ஆகவே மருமான் அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். ஏழைக்கு வில்லங்கம் இல்லாத சொத்து இது ஒன்றுதான்.

மருமானுக்கு இந்தத் தொழிலில் ஒரு ஆதர்ச புருஷர் இருக்கிறார். ஜான் பீல் என்ற இங்கிலாந்துக்காரர். 1967-இல் பி.பி.சி.யின் 'ரேடியோ ஒன்' தொடங்கியதிலிருந்து 2004-இல் கண்ணை மூடும் வரையில், ஒருவரும் கேள்விப்படாத குழுக்களின் இசைத்தட்டுகளையும் நாடாக்களையும் கேட்டுக் கேட்டு ஒலிபரப்பினார். கடைசிக் காலத்தில் சஃபோக் கிராமத்திலிருந்த தம் வீட்டிலிருந்தே பல நிகழ்ச்சிகளை நடத்தினார். 1978 செப்டம்பரில், வட அயர்லாந்தின் டெரி நகரத்தைச் சேர்ந்த 'தி அண்டர்டோன்ஸ்' என்ற குழுவின் 'டீனேஜ் கிக்ஸ்' என்ற பாட்டைப் போட்டார். முடிந்ததும், அதையே இன்னொரு தரம் போட்டார்! ஐந்து பையன்களின் வாழ்க்கை அந்த இரண்டாவது தடவையில் திரும்பிவிட்டது. சில வாரங்களுக்குள் ஓர் அமெரிக்கக் கம்பெனி அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. பீல் காலமான அதே 2004-இல்தான், லண்டன் 'கார்டியன்' பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் 'பாட்காஸ்ட்' என்ற சொல் பிறந்தது. தகப்பனார் போன வருஷத்தில் பிள்ளை பிறந்த மாதிரி என்பான் மருமான்.

அப்படிப்பட்டவன் சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"மாமா, நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"ஏண்டா?"

"போன வாரம் கேட்டவங்க நாற்பத்தொரு பேர். அதுல உங்க போன் ஒண்ணு, மாமியோட போன் ஒண்ணு."

பாக்கி முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்களே என்றேன். அவன் சிரிக்கவில்லை. ஒர்க்‌ஷாப் மாடிக் குழு கலைந்துவிட்டதாம். பல் வைத்தியன் மேல்படிப்புக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். வீட்டில் யாருக்கோ ஆபரேஷன் என்று கிடாரை விற்றுவிட்டார்கள்.

"நம்ம நிகழ்ச்சியால அவங்களுக்கு ஒரு கச்சேரிகூடக் கிடைக்கல மாமா. ஜான் பீல் போட்டா வாழ்க்கை மாறும். நான் போட்டா என்ன மாறுது?"

நியாயமான கேள்வி. நாலு ஆறுதல் வார்த்தையில் இதை மூடிவிடக் கூடாது என்று பட்டது. ஆகவே எனக்குத் தெரிந்த துறையிலிருந்து பேசினேன். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். லட்சக்கணக்கில் விற்ற பத்திரிகைகளுக்கு நடுவே சில நூறு வாசகர்களை நம்பி வந்த பத்திரிகை. புத்தகங்களைத் தாமே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் அவர். அதில் வந்த புதுக்கவிதைகளைத் திரட்டி 1962-இல் 'புதுக்குரல்கள்' என்று வெளியிட்டார். தமிழ்ப் புதுக்கவிதையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அந்த வாசலில் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறார்கள்.

"அவருக்குப் பணம் வந்துதா?" என்றான் கணக்கெழுதுகிறவன்.

"வரவில்லை. கைப்பொருள்தான் கரைந்தது" என்றேன். பொய் சொல்லி அவனை இருத்த எனக்கு விருப்பமில்லை.

என் முதல் கதையும் ஒரு சிறுபத்திரிகையில்தான் வந்தது. சன்மானமாக இரண்டு பிரதி. பத்து நாள் கழித்துச் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு தபால் கார்டு. பாராட்டு ஒன்றும் இல்லை. "அந்தக் கிழவி மறுநாள் காலையில் என்ன செய்தாள்?" என்று ஒரே வரி. கிழவியை என்னைத் தவிர இன்னொருவர் பார்த்திருக்கிறார்! என் இரண்டாவது கதையை அந்த ஒருவருக்காகத்தான் எழுதினேன். ஆயிரம் பேர் அரைகுறையாகக் கேட்பதைவிட, ஒருவர் மனம் வைத்துக் கேட்பதில்தான் ஒரு கலைஞனுக்கு அடுத்த அடி வைக்கத் தைரியம் பிறக்கிறது. பெரிய வானொலிகள் முந்தியதைத் தரலாம். பிந்தியதற்கு ஓர் அலமாரியும் ஜமக்காளமும் போதும்.

"இதனால டிரம்ஸ்காரன் திரும்பி வருவானா மாமா?"

"வரமாட்டான். ஆனால் அந்தக் குடங்கள் வரிசையாக நின்றது உன்னிடத்தில் பத்திரமாக இருக்கிறது. வேறு எங்கும் இல்லை."

அவன் பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டுப் போனான். இரண்டு சனிக்கிழமை நிகழ்ச்சி வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தது. இப்போது மாதத்துக்கு இரண்டு என்று குறைத்துக்கொண்டிருக்கிறான்; உடம்பும் உத்தியோகமும் தாங்க வேண்டுமே.

நிகழ்ச்சியின் கடைசியில் அவன் ஒரு காரியம் செய்கிறான். எழுதியவர், மெட்டமைத்தவர், ஒவ்வொரு வாத்தியமும் வாசித்தவர் எல்லாருடைய பெயரையும், இனிஷியலைக்கூட விடாமல், நிறுத்தி நிதானமாக வாசிக்கிறான். யார் எந்த நிமிஷத்தில் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் கோடு போட்ட படமாக அவன் கம்ப்யூட்டரில் தெரியுமாம்.

"பெயர் வாசிக்கிறபோது ஜனங்கள் போய்விடுவதில்லையா?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசிப் பேர் போயிடறாங்க மாமா. பாக்கி இருக்கறவங்க அவங்க வீட்டுக்காரங்க. அரை மணி நேரமா அதுக்குத்தான் உக்காந்திருக்காங்க."