கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு

ஜிந்துப்பிட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தங்கச்சி,

நேற்று அம்மாவைப் பேராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் சிரிப்பாய். 1969இல் 'ஹந்தானே கதாவ' படம் வந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. கோயிலுக்கு என்று அம்மம்மாவிடம் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவோடு போய்ப் பார்த்திருக்கிறா! டோனி ரணசிங்கவும் சுவர்ணா மல்லவாரச்சியும் கம்பஸ் பிள்ளைகளாக வரும் காதல் படம். விஜய குமாரதுங்க என்ற பெயர் வெளியே வந்ததும் அந்தப் படத்தோடுதான். கொட்டாஞ்சேனை சென் பெனடிக்ஸில் படித்தவர் என்பதால் எங்கள் பக்கத்துக்கே பெருமையாம். பேராதனைக் கம்பஸில் அந்தப் படம் எடுத்த இடங்களை ஒருக்கா நடந்து பார்க்க வேணும் என்று இவ்வளவு காலமும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறா.

விடிய கண்டி பஸ் ஏறி, கலஹா சந்தியில் இறங்கினோம். பல்கலைக்கழகம் 1952இல் கொழும்பிலிருந்து அங்கே குடிபோனது என்று சொன்னேன். "அப்ப எனக்கு ஒரு வயசு மூத்த அக்கா" என்றா.

காவலாளித் தம்பி எங்கே போகிறீர்கள் என்று மறித்தான். 'ஹந்தானே கதாவ' பார்க்க வந்தோம் என்று அம்மா சிங்களத்தில் சொன்னா. அவனுக்கு விளங்கவில்லை. போனில் தேடி, பழைய படம் ஒன்றைக் கண்டு, "இதுவா அம்மே?" என்று காட்டினான். பிறகு அவனே மகாவலிக் கரைக்கு வழி சொன்னான்.

எந்த மரத்தடியில் என்ன காட்சி என்று கண்டுபிடிக்க ஏலவில்லை. ரொபரோசியாப் பூ பாதையெல்லாம் இளஞ்சிவப்பாய்க் கொட்டிக் கிடந்தது. அம்மா குனிந்து ஒன்றை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தா. "படத்தில எல்லாப் பூவும் வெள்ளை."

லவர்ஸ் லேனில் ஒரு வாங்கில் இருந்தோம். டோனியைப் பற்றி ஏதாவது கதைப்பா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கண் முழுக்க நூலகப் பக்கம் போகிற பெட்டைகள் மேல். "ஆம்பிளையள ஆர் பாத்தது? சுவர்ணா கொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நடக்கிறதைத்தான் பாத்தனான். வீட்டில வந்து நானும் அப்படி நடந்து பாத்தன்." சோதனை எழுதின கையோடு தாத்தா கலியாணம் பேசியது உனக்குத் தெரிந்த கதை. அதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்கைத் திறந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றினா.

சரச்சந்திர திறந்தவெளி அரங்கையும் எட்டிப் பார்த்தோம். பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் இந்தக் கம்பஸ் பிள்ளைகளை வைத்துத்தான் எங்கள் கூத்துகளை மேடைக்குக் கொண்டுவந்தார் என்று நான் விளக்கத் தொடங்க, அம்மாவுக்குக் கால் நோகத் தொடங்கியது.

திரும்புவோம் என்றேன். கேட்கவில்லை. அந்த வளவுக்குள்ளேயே குறிஞ்சிக்குமரன் கோயில் இருக்கிறது, தெரியுமா? முழங்காலைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறினா. நடை சாத்தியிருந்தது. வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்து சொன்னா:

"அம்மாட்டச் சொன்ன கோயிலுக்கு இண்டைக்குத்தான் வந்திருக்கிறன்."

அன்புடன்,
அக்கா