அளந்த மூச்சு

புகைப் பழக்கத்தை எண்ணால் சொல்வது புதிதல்ல. நாளைக்கு எத்தனை கட்டு என்று டாக்டர் கேட்பார். கேட்கப்பட்டவர் பாதியாகக் குறைத்துச் சொல்வார். டாக்டர் அதை இரண்டால் பெருக்கி எழுதிக்கொள்வார். ஆனால் ஒரு மூச்சை, அதுவும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே, எண்ணாகக் கண்முன் காட்டமுடியும் என்பதை 2018 பங்குனி உத்திரத்துக்கு முன்தினம்தான் பார்த்தேன். குன்றக்குடி தெருவெல்லாம் காவடிக் கூட்டம். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் திருவிழாவுக்கு வந்திருந்தான். தனக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்காக அதை வாங்கி வந்திருந்தான்.

வாத்தியார் என் நண்பர். நாற்பது வருஷமாக ஒருவர் கவிதையை ஒருவர் படித்து, பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தவர்கள் நாங்கள். நாளைக்கு இரண்டு கட்டு பீடி அவருக்குக் கணக்கு. நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது, இனி வருவது வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிகோடின் பசையை மென்று பார்த்தார். வெற்றிலை போடாதவனை மெல்லச் சொல்கிறார்கள் என்று துப்பிவிட்டார்.

கையில் வாங்கியதும் தெரிந்தது கனம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் கட்டை. தலையில் சிறிய கண்ணாடிக் குப்பி. பக்கவாட்டில் ஒரு பெரிய பொத்தான், அதன் கீழே கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று. தபால் தலையில் பாதியளவு திரையில் வாட், ஓம், வோல்ட் என்று மூன்று எண்கள். நான்காவதாக ஒன்று, இதுவரை எத்தனை மூச்சு என்பது. முதல் பார்வையில் இதைப் புகைக்கும் சாதனம் என்று சொல்ல முடியாது. வயர்மேன் பையிலிருந்து நழுவி விழுந்தது என்றுதான் சொல்லத்தோன்றும்.

வாத்தியார் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சாம்பலை எங்கப்பா தட்டுறது?" என்றார்.

"சாம்பலே கிடையாது சார்" என்றான் பையன்.

அவர் முகத்தில் தெரிந்தது சந்தோஷமல்ல.

உள்ளே நடப்பது எளிய விஷயம். குப்பியில் கிளிசரினும் ப்ராபிலீன் கிளைகாலும் நிகோடினும் கலந்த திரவம். அதில் ஊறிய பஞ்சைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். பொத்தானை அழுத்தினால் சுருள் சூடேறித் திரவம் ஆவியாகிறது. ஸிகரெட் நுனி இழுக்கும்போது 900 டிகிரி வரை போகும். இங்கே இருநூறு சொச்சம்தான். எதுவும் எரிவதில்லை. எரியாததால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் பீடியில் வருகிற மாதிரி வருவதில்லை. நிகோடின் வருகிறது, அதனால் அடிமைத்தனமும் வருகிறது. இதைத் தீங்கற்றது என்று யாரும் சொல்லவில்லை. எரிப்பதைவிடத் தீங்கு குறைவு என்பதுதான் இதற்காக வாதாடுகிறவர்கள் சொல்வது.

மற்றதெல்லாம் பாட்டரி. பையன் நான்கு கொண்டுவந்திருந்தான். 18650 என்று பெயர், பெயரே அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிப் பூஜ்யம் உருளை என்பதற்கு. டார்ச்சில் போடும் கட்டையைவிட மெலிசு, ஆனால் அடங்காத பிராணி. முழுக்க ஏற்றினால் 4.2 வோல்ட், சராசரி 3.7. சுருள் 0.8 ஓம். பதினைந்து வாட் வேண்டுமென்றால் மூன்றரை வோல்ட் போதும். யந்திரம் பாட்டரியை அடக்கிக் கொடுக்கிறது. முப்பது வாட் கேட்டால் ஏறக்குறைய ஐந்து வோல்ட் வேண்டும். பாட்டரியிடம் அவ்வளவு இல்லை. யந்திரம் வோல்ட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு, பாட்டரியிடமிருந்து எட்டு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. இல்லாததைக் கொடுப்பதற்காக இருப்பதை இரட்டிப்பாக எடுப்பது. மாற்றத்தக்க சக்தி என்பது இவ்வளவுதான்.

2500 மில்லி ஆம்பியர் மணி என்று பாட்டரியில் போட்டிருந்தது. கணக்குப் போட்டேன். சுமார் 9 வாட் மணி. மூச்சுக்கு மூன்று விநாடி, பதினைந்து வாட் என்றால், வழியில் வீணாவதைத் தள்ளி அறுநூறு மூச்சு தேறும். முப்பதில் வைத்தால் முந்நூறு. பீடி ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மூச்சு. இருபத்தைந்து கொண்ட ஒரு கட்டுக்கும் ஏறக்குறைய அதே முந்நூறு.

யோசிக்க வைத்தது வேறொன்று. யந்திரம் பாட்டரி இறங்க இறங்க அதை ஈடுகட்டிக்கொண்டே போகிறது. அதனால் முதல் மூச்சும் ஐந்நூறாவது மூச்சும் ஒன்றே. பிறகு திடீரென்று திரை இருண்டுவிடும். பீடி அப்படியல்ல. அதற்கு ஆரம்பம், நடு, கடைசி உண்டு. கடைசி இழுப்பு சுடும், கசக்கும், விரலைத் தொட்டு "போதும்" என்று சொல்லும். கவனிக்காமல் விட்டால் தானாக அணைந்துபோகும். முடிவு என்பது அந்த வடிவத்துக்குள்ளேயே சுற்றப்பட்டிருக்கிறது, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நூல் கட்டி முடித்த அந்த நுனியில். இந்த யந்திரத்துக்கு முடிவு இல்லை. தீர்ந்துபோவது மட்டும்தான் உண்டு. விடவேண்டும் என்று விரும்புகிறவனிடம் முடிவே இல்லாத ஒரு வஸ்துவைக் கொடுத்திருக்கிறோம் என்று அன்று இரவே தோன்றியது.

இது வெளிநாட்டு விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கவும் முடியாது. எரியாத புகையை ஓர் அமெரிக்கர், ஹெர்பர்ட் கில்பர்ட், 1963-லேயே யோசித்து 1965-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். பொருள் சந்தைக்கு வரவில்லை. சீனத்து மருந்தாளர் ஹான் லிக் 2003-ல் செய்தது பரவியது. நடுவில் நடந்தவற்றில் முக்கியமானது, 1991-ல் ஸோனி கம்பெனி லித்தியம் அயனி பாட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய பொருளில் பெரிய சூட்டை அடைத்துவைக்க அதன் பிறகுதான் முடிந்தது. அந்த பாட்டரி எங்கள் வட்டாரத்துக்கு அந்நியமல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாங்கள் சிக்ரி என்று சொல்வது, பஸ்ஸில் அரைமணி தூரம். குன்றக்குடி அடிகளார் மடத்தின் தலைவராக இருந்துகொண்டே கிராமத் திட்டமிடலில் இறங்கியபோது துணைக்கு அழைத்தது அந்த விஞ்ஞானிகளைத்தான். 2018 ஜூனில், வாத்தியார் பாட்டரி மாற்றப் பழகிக்கொண்டிருந்த மாதத்தில், உள்நாட்டிலேயே லித்தியம் அயனி பாட்டரி செய்யும் தொழில்நுட்பத்தைத் தர ஒரு கம்பெனியோடு சிக்ரி ஒப்பந்தம் செய்தது. பத்திரிகைச் செய்தியை வெட்டி அவரிடம் காட்டினேன். "நம்ம ஊர்ச் சரக்கா வந்தா நெஞ்சுக்கு ஒத்துக்கும்" என்றார்.

பழகிக்கொண்டார் என்றேன். அது பெரிய விஷயம். ஆரம்பத்தில் பாட்டரியைச் சில்லறையோடு சேர்த்து வேஷ்டி மடியில் முடிந்துகொண்டார். நாணயம் இரண்டு முனையையும் தொட்டால் பாட்டரி கொதித்துத் தீயைக் கக்கிவிடும் என்று பையன் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பதற்கு அவர் வீட்டம்மா அன்று புது அர்த்தம் கண்டுபிடித்தார்கள். இரவில் சார்ஜர் ஒரு பாட்டரியை ஏற்றிக்கொண்டிருக்கும். பச்சை விளக்கு வந்ததா என்று அவர் எழுந்து எழுந்து பார்ப்பார். கரண்ட் போனால் பதைபதைப்பார். முன்பு தீப்பெட்டிக்குக் கூட அவர் பதைத்ததில்லை. பக்கத்தில் எவனிடமாவது நெருப்பு இருக்கும். நெருப்பை இரவல் கேட்கலாம். டீக்கடையில் பாதிப் பேச்சு அப்படித்தான் ஆரம்பிக்கும். பாட்டரியை யாரிடம் கேட்பது? அவர் டீக்கடைக்குப் போவது குறைந்தது.

ஆனால் இருமல் நின்றது. இதை நேர்மையாகச் சொல்லவேண்டும். மூன்றாவது மாதம் இரவில் தொடர்ந்து தூங்கினார். ஆடிக் கிருத்திகைக்கு ஷண்முகநாதர் மலையில் பாதிப் படிவரை, இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ஏறினார். பல வருஷமாகக் கீழே நின்றே கும்பிட்டுக்கொண்டிருந்த மனிதர். மேலே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.

பையன் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தான். நிகோடின் மில்லிக்கு 18 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் 12, பிறகு 6, பிறகு பூஜ்யம். வாத்தியார் திட்டத்தை ஒரு நாள் பிசகாமல் நிறைவேற்றினார். நிகோடின் இறங்கியது. வாட் ஏறியது. பன்னிரண்டில் ஆரம்பித்தவர் 12 மில்லிகிராமுக்கு இறங்கியபோது பதினெட்டு வாட்டில் இருந்தார். 6-க்கு இறங்கியபோது இருபத்தெட்டில். அந்தக் கூட்டல் பொத்தானை அவர் அழுத்தியது யாருக்கும் தெரியாமல் அல்ல, என்னுடன் பேசிக்கொண்டே, விரல் தன்பாட்டில் அழுத்தும். ஒரு கையால் விட்டதை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டிருந்தது உடம்பு. சக்தியை மாற்றத்தக்கதாகச் செய்த யந்திரம், தன் சக்தி தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது. மாறிக்கொண்டிருந்தது யந்திரத்தின் சக்திதான். அவருடையது இருந்த இடத்திலேயே இருந்தது.

எழுத்திலும் ஏதோ நடந்தது என்று அவர் சொன்னார். பீடி அணையும், பற்றவைக்க நிமிரும்போது வரி முறியும். என் புதுக்கவிதைக்கு யாப்பு தீப்பெட்டிதான் என்பார். அந்த ஐந்து மாதத்தில் எழுதிய ஏழெட்டும் நிறுத்தமில்லாத நீள வரிகள். அவர் சொன்ன காரணத்தை நான் முழுக்க நம்பவில்லை. நன்றாக மூச்சு வாங்க முடிந்தவன் நீளமாக எழுதினான் என்றும் சொல்லலாம்தானே.

செப்டம்பரில் திரவப் புட்டிகள் தீர்ந்தன. அதே மாதம் தமிழ்நாடு அரசு மின் ஸிகரெட்டைத் தடைசெய்தது. அடுத்த வருஷம், 2019 செப்டம்பர் 18-ல், நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம். டிசம்பரில் அது பாராளுமன்றத்தின் சட்டமாயிற்று. செய்வது, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். இருப்பு வைப்பதைத் தவிர மற்றவற்றுக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அவசரச் சட்டம் வந்து மூன்று வாரத்தில், அக்டோபர் 9-ம் தேதி, லித்தியம் அயனி பாட்டரியை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு அறிவித்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நான் மட்டும் இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன்.

சட்டத்துக்குச் சொன்ன காரணம் பள்ளிப்பிள்ளைகள் இதில் விழுந்துவிடுவார்கள் என்பது. அது பொய்யான பயமல்ல. மாம்பழ வாசனையோடு வருகிற நிகோடினைப் பதினைந்து வயதுக்காரனிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் 2016-17-ல் அரசே எடுத்த கணக்குப்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் புகைப்பவர்கள். ஸிகரெட் பிடிப்பவர் 4 சதம், பீடி 7.7 சதம். அவர்களுக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது எரிகிற பொருளை. மலையடிவாரத்து டீக்கடையில், 85 சதம் எச்சரிக்கைப் படத்தோடு, அது நூல் கட்டித் தொங்குகிறது. குழந்தையைக் காப்பாற்றப் போட்ட தாழ்ப்பாள் கிழவருக்கும் சேர்த்து விழுந்துவிட்டது. இதற்கு எது தீர்வு என்று சொல்ல நான் வரவில்லை. பாதி மலை ஏறிய ஒருவரைப் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வாத்தியார் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பீடிக்குத் திரும்பினார். வரிகள் மறுபடி முறிந்தன. 2019 தீபாவளிக்கு வந்த பையன் யந்திரத்தைத் தன்னோடு எடுத்துப்போனான். பாட்டரிகளை விட்டுப் போனான். அவற்றை வைத்திருப்பதில் குற்றமில்லை.

2021-லிருந்து அவர் கட்டில் பக்கத்தில் ஆக்ஸிஜன் தயாரிக்கும் பெட்டி ஓடியது. அதிலும் ஓர் எண் உண்டு. நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர். அதிலும் திருகு உண்டு, ஐந்து வரை போகும். அவருடைய நுரையீரலுக்கு அதைத் தானாக ஏற்றினால் ஆபத்து, யாரும் தொடக்கூடாது என்று டாக்டர் எழுதி ஒட்டியிருந்தார். பெட்டி இருக்கும் அறையில் தீக்குச்சி கிழிக்கக்கூடாது என்பதால் பீடி தானாக நின்றது. இத்தனை வருஷம் யாராலும் முடியாதது, ஒரு காகிதச் சீட்டில் முடிந்தது.

ஒரு மாலை, பேச்சுக்கு நடுவே மூச்சுக்காக நிறுத்தி நிறுத்தி, "இது எத்தனை வாட்டுப்பா?" என்று கேட்டார். எழுந்துபோய்ப் பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டைப் படித்துச் சொன்னேன்.

"முந்நூத்தி அம்பது."

அவர் கட்டைவிரல் போர்வைமேல் லேசாக அசைந்தது. பிறகு, நான் விட்ட இடத்திலிருந்து கவிதையை மேலே படிக்கச் சொன்னார்.