ஏணை கட்டின மருதமரம்

கிழக்கே கடல், மேற்கே ஆறு. இரண்டுக்கும் நடுவில் மணல்மேல் நம்ம பெரியகல்லாறு. நெல்லு விளையிற மண் ஆற்றுக்கு அங்கால, படுவான்கரையில். அப்போது வயல்வேலை என்றால் குடும்பமே தண்ணி தாண்ட வேணும். விடியமுன் குருமண்வெளித் துறையில் நிற்கிறோம். அம்மாவின் இடுப்பில் தம்பி, தலையில் சோத்துப்பெட்டி, என் தோளில் ஏணைச் சீலை. மண்டூரில் இறங்கினதும் முருகன் கோயில் பக்கம் ஒரு கும்பிடு. மறுகா வரம்பு, வெயில் ஏறும்வரை நடை. நீங்களும் கூட நடந்தவர்கள்தானே.

நடக்கத் தெரிந்த சின்னதுகள் ஊரில் பெத்தாவோடு நிற்கும். நம்ம பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் பெத்தா எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருந்தா. பால்குடி மட்டும் தாயோடு வயலுக்கு. அதைப் பார்த்துக்கொள்ள என்னைப்போல் ஒரு மூத்தது.

வாடிக்குப் பக்கத்து மருதமரக் கொப்பில் ஏணை. கீழே தேய்ந்த தாக்கத்தி ஒன்று, காத்துக்கறுப்பு அண்டாமல். தம்பியின் கையில் கட்டின வசம்பு மணம் இப்பவும் மூக்கில் நிற்குது. அம்மா களை பிடுங்கிக்கொண்டே காதை இங்கால வைத்திருப்பா. சிணுங்கல் கேட்டால் பசியா, எறும்பா என்று அங்கிருந்தே சொல்லுவா. வக்கடையில் சேறு கழுவி, நிழலில் உடம்பு ஆறும்வரை இருந்து, வெயில் பட்ட முதற்பாலை மண்ணில் பீச்சிவிட்டுத்தான் பிள்ளையை மடியில் எடுப்பா. அந்த நேரம் பக்கத்து வயல் பெண்களும் வந்து குந்துவார்கள். வெற்றிலை, சுட்ட கருவாடு, ஊர்க்கதை. பிள்ளை கைமாறிக் கைமாறிப் போய்த் திரும்பும்போது கன்னத்தில் ஆரோ ஒருத்தியின் சேறு.

சூடு மிதிக்கிற இரவுகள் வேற. களவெட்டியில் எருமைகள் சுற்றும். வைக்கோல் புழுதியும் சாணி வாடையும் பனியோடு இறங்கும். எருமைகளை நடத்துகிறவர் பொலி கூப்பிடுகிற குரல் நீளமாய் இழுபடும். தம்பிக்கு அதுதான் தாலாட்டு. குரல் நின்றால் விழித்துவிடுவான்.

1978 நவம்பர்ச் சூறாவளி அந்த மருதமரத்தைச் சாய்த்தது. பிறகு போர், துறை தாண்டவே பயந்த வருஷங்கள். 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது.

இப்போது அந்த வயலைத் தங்கச்சியின் மகள் செய்விக்கிறாள். போன் பண்ணினால் வெட்டுமிசின் வருது. காலையில் நின்ற வேளாண்மை மத்தியானம் மூட்டையாகி லொறியில் கிடக்குது. தங்கச்சி குவைத்தில், அவவைப் பேரன் வீடியோவில்தான் பெத்தா என்று கூப்பிடுகிறான். "புள்ளைய ஒருநாள் வயலுக்குக் கொண்டு போனா என்ன?" என்று கேட்டேன். "எலிக்காய்ச்சல் வந்தா ஆர் மாமா பார்க்கிற?" என்றாள். அவள் பயம் நியாயம்தான். இப்போது களையை ஆரும் பிடுங்குவதில்லை, எண்ணெய் அடித்துவிடுகிறார்கள். நிழலில் குந்தியிருந்து பிள்ளையைக் கைநீட்டி வாங்க ஒருத்தியும் அங்கே இல்லை.

மிசின்காரருக்குக் காசு கொடுக்க அவள் போன நேரம் பிள்ளை என்னோடு. போனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எனக்குத் தாலாட்டு வராது. பொலி கூப்பிட்டுப் பார்த்தேன். போனைக் கீழே வைத்தான். என் வாயையே பார்த்தவன், "இன்னொருக்கா" என்றான்.