வாயில்லா உயிரின் அழைப்பு



எங்கள் தோப்பு வீட்டில் ஆடுகளுக்குக் காவலாக ஒரு நாய் வளர்கிறது. கால்நடை, வேளாண்மை, வேட்டை ஆகியவற்றுக்காக நாய் வளர்க்க மார்க்கம் அனுமதித்துள்ளதை அறிவீர்கள். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நாயின் ஈரம் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆகவே அதன் இருப்பிடம் ஆட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரம். குட்டி சாலைக்கு ஓடிவிடாதிருக்க இரவில் படலை அடைத்துவிடுவோம்.

மூன்று மாதக் குட்டியாக வந்தபோது அது தாழ்வாரத்தையே அசுத்தம் செய்தது. வைகறையில் ஆடுகளைப் பார்க்கச் செல்பவரின் ஆடையில் நஜீஸ் படும். ஃபஜ்ருத் தொழுகைக்கு நேரம் நெருக்கும். “தொழுகிற வீட்டுக்கு இது சரிவராது, எங்காவது விட்டுவிடுங்கள் மாப்பிள்ளை” என்றார் மாமனார். அவர் கவலை நியாயமானது. ஆனால், பொறுப்பேற்ற உயிரைத் தெருவில் விடுவதும் நியாயமாகாதே!

தான் படுக்கும் இடத்தை அசுத்தமாக்க நாய் பொதுவாக விரும்பாது. எனினும் அந்த வயதுக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது. அவசரம் வந்தால் தரையை மோந்து சுற்றிச் சுற்றி வரும். பகலில் அதைக் காண்போம். இரவில் யார் காண்பது? கண்ணுக்குத் தெரியும் குறிப்பைக் காதுக்குக் கேட்கும் குறிப்பாக மாற்ற வேண்டியிருந்தது.

இதற்காகக் கதவில் மணி கட்டுவது பலரின் வழக்கம். நாயோ மணியோ உள்ள பயணக் கூட்டத்துடன் வானவர்கள் வருவதில்லை என்னும் கருத்துடைய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. பேணுதலுக்காக மணியைத் தவிர்த்தோம். எங்கள் மகன் கொட்டாங்கச்சிகளைக் கயிற்றில் கோத்து, குட்டியின் மூக்கு உயரத்தில் படலில் தொங்கவிட்டான். அதில் சிறிது கருவாட்டைத் தேய்த்தான். குட்டி மோந்ததும் சிரட்டை சலசலத்தது. உடனே படலைத் திறந்தோம். தோப்பில் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்றோம். காரியம் முடிந்ததும் கருவாட்டுத் துண்டொன்றைத் தரையில் இட்டோம். உறங்கி எழுந்ததும், உணவு உண்டதும் இதையே செய்தோம். விளையாட்டுக்காக ஒலித்தால், ஐந்து நிமிடம் அங்கே நிறுத்திவிட்டு, விளையாடாமல் திரும்ப அழைத்து வந்தோம். அசுத்தம் செய்தால் அடிக்கவில்லை. அடி வாங்கிய குட்டி மறைவிடம் தேடுமேயன்றி நம்மை அழைக்காது. நாற்றம் எஞ்சினால் அதே இடத்தை நாடும் என்பதால் நன்கு கழுவினோம்.

மூன்று வாரங்கள் கழிந்தன. ஒருநாள் தஹஜ்ஜுத் நேரத்தில் சிரட்டை ஒலித்தது. முதலில் எழுந்து சென்று படலைத் திறந்தவர் மாமனாரே!

வேட்டைப் பிராணிகளுக்கு மனிதர் அளிக்கும் பயிற்சி, அல்லாஹ் கற்றுத் தந்ததிலிருந்தே வருவதாக அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் உணர்த்துகிறது. தாகித்த நாய்க்கு நீர் புகட்டிப் பாவமன்னிப்புப் பெற்றவரின் செய்தியையும் நம் பிள்ளைகள் அறிவார்கள். ஈர மண்ணை நக்கிய அந்த நாயிடம் தம் தாகத்தையே அவர் கண்டார். பிறகே மீண்டும் கிணற்றில் இறங்கினார். அழைக்கக் குட்டிக்குக் கற்றுத் தருவது பாதி வேலை. அழைத்தவுடன் உறக்கத்தை விட்டு எழுவது மறுபாதி. அந்தப் பயிற்சி வீட்டாருக்குரியது.

நம் பொறுப்பில் உள்ள உயிர்களின் தேவையை உணரும் உள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.