தோள்தையல்

என் முதல் சூட்டை லண்டனில் மூன்று நாட்கள் போட்டுத் திரிந்த பிறகுதான், அதன் முதுகுப்பக்கக் கீழ்ப்பிளவில் வெள்ளை நூலால் ஒரு பெருக்கல் குறி தைத்திருப்பது தெரிந்தது. வாடிக்கையாளர் அலுவலகத்தின் கழிவறையில், எங்கள் டீமின் மூத்த அக்கா ஒருவர், "கொஞ்சம் திரும்பும்மா" என்றார். கைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நூலை அறுத்தார். "கடையில மடிப்பு கலையாம இருக்கப் போடுற தையல். வாங்கினதும் பிரிச்சிரணும். யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? எங்கள் வீட்டில் சூட் போட்ட முதல் ஆள் நான். அப்பா கல்யாணத்துக்கே வேட்டிதான் கட்டினார்.

அதை வாங்கவைத்தது ஒரு அப்ரைசல். "கோடிங்லாம் சூப்பர். ஆனா ப்ரெசென்ஸ் பத்தலை" என்றார் மேலாளர். அன்று அவர் போட்டிருந்தது கழுத்து தொளதொளத்த டி-ஷர்ட்.

அன்று மாலை அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். "தோள்தையலை மட்டும் பாத்து வாங்கு. மத்ததை டெய்லர் பாத்துப்பார்." தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் நிற்க வேண்டும். இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், பேன்ட் விளிம்பை மடிக்கலாம். தோளை மாற்றுவதென்றால் கையையே பிரித்து, உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையையும் சரிசெய்ய வேண்டும்; புதிதே வாங்கிவிடலாம். கை மணிக்கட்டு எலும்போடு நிற்கட்டும். கடைசிப் பொத்தானைப் போடாதே. உட்காரும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடு. பாக்கெட் மூடியிருந்தால் நூலைப் பிரித்துப் பார். பெண்கள் கோட்டில் பாதிக்கு உள்ளே பையே இருக்காது.

பிறகு இதன் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். 1977இல் ஜான் மாலாய் அமெரிக்கப் பெண்களுக்காக எழுதிய உடைக் கையேடு, வேலையில் மேலே போக நினைப்பவளுக்குக் கோட்டும் ஸ்கர்ட்டும் சேர்ந்த சூட்டைச் சீருடைபோலப் பரிந்துரைத்தது. பேன்ட்டுக்கு அதில் இடமில்லை. அமெரிக்க செனட் அவைக்குள் பேன்ட் அணிவதற்கே, 1993இல் பார்பரா மிகுல்ஸ்கியும் கரோல் மோஸ்லி பிரவுனும் துணிந்து போட்டுக்கொண்டு வர வேண்டியிருந்தது. பெண் எதைப் போட்டால் அவள் பேச்சு காதில் விழும் என்பதை எப்போதும் வேறு யாரோதான் முடிவுசெய்கிறார்கள்.

இந்த எரிச்சலோடேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பத்து வருடம் சுடிதாரில் இருந்தேன். துப்பட்டாவுக்குப் பின் குத்தியிருந்தாலும், பேசும்போது ஒரு கை அதைப் பிடித்தபடியே இருக்கும். மனதில் பாதியும் அங்கேதான். நூல் பிரித்த மறுநாள் கூட்டத்தில், ஒயிட்போர்டில் டேட்டாபேஸ் வரைபடத்தைப் போட்டு, திரும்பி, இரண்டு கைகளையும் வீசி விளக்கிக்கொண்டிருந்தேன். என்ன போட்டிருக்கிறேன் என்பது முழுக்க மறந்துபோயிருந்தது. உடை செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

போன வாரம் சென்னை அலுவலக லிஃப்டில் எனக்கு முன்னால் நின்ற புதுப்பெண்ணின் முதுகில் அதே வெள்ளைப் பெருக்கல் குறி. "திரும்பும்மா" என்றேன். கூச்சத்தில் அவள் முகம் சிவந்தது. எனக்கும் இப்படித்தான் என்றதும் சிரித்துவிட்டாள்.

அவள் என் டீம். இந்த வருடம் அவள் அப்ரைசல் படிவத்தை நிரப்ப வேண்டியது நான். அதில் இன்னமும் 'ப்ரெசென்ஸ்' என்றொரு கட்டம் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.