யானை புகுந்த வயல்

உயர்தர வகுப்பிலே புறநானூற்றுப் பாட்டொன்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய அறிவுரை அது, 184ஆம் பாட்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், சிறு நிலத்து விளைச்சலும் யானைக்குப் பல நாளைக்குப் போதும். யானை தானே வயலுக்குட் புகுந்துவிட்டால், வாய்க்குட் போவதிலும் காலில் மிதிபடுவதே மிகுதி. அரசன் வரி கொள்ளும் முறைக்கு உவமை. இந்திய நிதியமைச்சர் 2019இல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது இப்பாட்டை நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்டினார் என்பதையும் பெருமிதத்தோடு சொல்லிவைத்தேன். தமிழ் படித்தவனுக்கு இத்தகைய பெருமைகள் மலிவாகக் கிடைக்கும்.

பின்வரிசையிலிருந்து மாணவி ஒருத்தி எழுந்தாள். அவளுடைய தாய் வெங்காயத் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறவர்.

"சேர், எங்கட அம்மாவும் வரி கட்டுறாவோ?"

"இல்லைப் பிள்ளை. வருமானம் குறைந்த ஆக்களுக்கு வரி இல்லை" என்றேன்.

எவ்வளவு விரைவாகச் சொன்னேன் என்பதை நினைக்க இப்பொழுதும் வெட்கமாக இருக்கிறது. அன்று மாலை கடையிலே சவர்க்காரம் வாங்கும்போதுதான் என் விடை பொய்யென்பது உறைத்தது. பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதலாந் திகதியிலிருந்து 18 வீதம். வரி முழுவதும் சேர்ந்த விலை 118 ரூபா எனின், அதிலே 18 ரூபா அரசினுடையது. தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ தொடங்கிப் பொருளோடு ஒட்டிக்கொண்டு வரும் இவ்வரி, கடைசியில் வாங்குபவரின் தலையிலேயே இறங்குகின்றது. பங்களாவில் வாழ்பவரும் அந்த 18 ரூபாவைத்தான் கொடுக்கிறார். அவருக்கு அது தூசி. நாட்கூலிக்காரிக்கோ அன்றைய உழைப்பில் ஒரு துண்டு. அரசின் வரி வருவாயிற் பெரும்பகுதி இத்தகைய மறைமுக வரிகளிலிருந்தே வருகின்றது. ஆயினும் அந்தத் தாயை வரியிறுப்பாளர் என்று எவரும் அழைப்பதில்லை, அவருடைய மகளின் ஆசிரியன் உட்பட.

பிசிராந்தையாரின் உவமையிலே ஒரு வினா விடுபட்டிருக்கிறது. வயல் யாருடையது? யானை எவ்வாறு உண்ண வேண்டும் என்று புலவர் சொன்னார். எவருடைய வயலிலிருந்து அதற்குக் கவளம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. மன்னனிடம் அவர் அதைக் கேட்டிருக்க முடியுமா என்பது வேறு கதை.

இந்நாட்டிலே அவ்வினாவைக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டு. வருமான வரி 1932இல் வந்தது. கேம்பிரிட்ஜ்ப் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோர் 1958இல் இலங்கைக்கு வந்து ஆலோசனை கூறிய பின், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் செல்வ வரி, செலவு வரி, நன்கொடை வரி என்பன விதிக்கப்பட்டன. ஒருவன் உழைப்பதை மட்டுமன்றி, அவன் குவித்து வைத்திருப்பதையும் ஆடம்பரமாகச் செலவிடுவதையும் அளந்து பார்க்கும் முயற்சி அது. செலவு வரி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. செல்வ வரியும் 1990களின் தொடக்கத்தில் மறைந்தது. சவர்க்காரத்தின் மீதான வரியை ஒழிக்க அத்தனை ஆர்வத்தை ஒருவரும் காட்டியதில்லை.

2019 டிசம்பரில் நடந்ததையும் மறக்கலாகாது. பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. அவ்வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டுப் புரள்வின் எல்லை 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடிக்குத் தூக்கப்பட்டது. திறைசேரி வறண்டது. பெருந்தொற்று உட்பட வேறு காரணங்களும் சேர, 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்தாது நிறுத்திக்கொண்டது. விட்டுக் கொடுத்ததை மீட்க அரசு திரும்பியபோது, 8 வீதம் 12 ஆயிற்று, 15 ஆயிற்று, ஈற்றில் 18 ஆயிற்று. சலுகை பெற்றவர்கள் சிலர். ஈடு கட்டியவர்கள் எல்லோரும்.

2023இல் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனதை எதிர்த்து வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வங்கி ஊழியர்களும் போராடினர். நானும் பதாகை ஏந்தி நின்றேன். என் வேதனம் அவ்வுச்சத்தின் நிழலைக் கூடத் தொடாது. தோழமைக்காக நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். 18 வீதம் வந்தபோது நான் எந்தப் பதாகையையும் ஏந்தவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். மறுநாள் வகுப்பிலே என் விடையைத் திருத்திக் கரும்பலகையில் 118ஐயும் 18ஐயும் எழுதிக் காட்டினேன். அதே மாணவி கேட்டாள்: "அப்ப நீங்கள், சேர்?"

"என்ர சம்பளம் அந்த எல்லைக்கு வராது" என்றேன். சம்பளத்தைப் பொறுத்தவரை இது மெய். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. ஆனால் மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் நான் தனியார் வகுப்பு நடத்துகிறேன். அதுவும் சேர்ந்தால் எல்லை கடக்கும். அந்தப் பணம் கையிற் பெற்றுச் சட்டைப் பையிற் போடப்படுவது. எந்தக் கணக்கிலும் இல்லை. அவளும் அந்த வகுப்புக்கு வருகிறவள்தான். அவள் என்னைக் குத்திக்காட்டக் கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது. முகத்தில் அப்படியொன்றும் இருக்கவில்லை.

எனக்குச் சாட்டுகள் தட்டுப்படவில்லை. பெரிய முதலைகள் தப்பும்போது நான் மட்டும் ஏன்? கொடுப்பது வீணாகத்தானே போகும்? நம் மண்ணிலே படைமுகாம் வைத்திருக்கும் அரசுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கடைசிச் சாட்டுக்கு எங்கள் ஊரிலே எந்த மேடையிலும் கைதட்டல் கிடைக்கும். அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெங்காயத் தோட்டத்துத் தாய்க்கு இச்சாட்டுகளில் ஒன்றையேனும் சொல்லும் வசதி இல்லை. அவர் சவர்க்காரம் வாங்கிய கணமே வரி போய்விட்டது. மறுக்கும் உரிமை, மறைக்கக்கூடியவனுக்கு மட்டும் வாய்த்திருக்கிறது. கொழும்பு வர்த்தகனைப் பற்றி நான் எழுதிய வசனங்களை என்மீதே திருப்பினால், தொகையில் வேறுபாடு காணலாம். செயலில் வேறுபாடு இல்லை.

விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க நவம்பர் 30 வரை தவணை உண்டு. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தனியார் வகுப்பின் வரவுக் கொப்பியை நேற்றிரவு கூட்டத் தொடங்கினேன். பெயருக்கெதிரே மாதங்கள்; மாதங்களுக்கெதிரே தொகைகள். அவளுடைய பெயருக்கெதிரே ஆவணியும் புரட்டாதியும் வெறுமையாக இருந்தன. அவ்விரு கட்டங்களிலும் கோடு கீறிவிட்டு அடுத்த பெயரைக் கூட்டினேன்.